பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில்

அடுத்தவர் பேசுவதற்கு மைக் வைத்தே காலம் தள்ளியவன் நான். என்னையே மைக் முன்னால் நிறுத்தி, "நாலு வார்த்தை சொல்லுங்கண்ணே, புதுசா தொழிலுக்கு வந்தவங்க கேக்கட்டும்" என்கிறீர்கள். சொல்கிறேன். ஆனால் மிக்ஸரைப் பற்றி ஒன்றும் கேட்காதீர்கள். இப்போது வருகிற மிக்ஸரில் பாதிப் பொத்தான் எதற்கென்றே எனக்குத் தெரியாது. சவுண்ட் சர்வீஸ் கடையை மகளிடம் கொடுத்துவிட்டேன். அவள் வாங்கியிருக்கும் புது மெஷினை நான் தொடக்கூடாது என்று உத்தரவு.

எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். எதற்குப் பின்னால் எது வரவேண்டும் என்பது.

போன மாதம் ரயில்வே ரோடு பக்கம் ஒரு மண்டபத்துக்குச் சாப்பிடப் போயிருந்தேன். மைக் செட் போட்டிருந்தவர் உங்களில் ஒருவர்தான். பெயர் சொல்ல மாட்டேன். அதோ குனிந்துகொண்டு சிரிக்கிறார். பெண்ணை மேடைக்கு அழைத்துவரும் நேரம். செல்போனிலிருந்து நாதஸ்வரம் ஓடுகிறது, அதையும் வரிசை கலைக்கிற ஷஃபிளில் விட்டிருக்கிறார். அது தன் இஷ்டத்துக்கு மங்களத்தைத் தூக்கிப் போட்டது. கச்சேரியை முடித்துவைக்கிற மங்களம் ஐயா! பெண் இன்னும் வாசற்படி தாண்டவில்லை, முன்வரிசைப் பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார். என் பக்கத்தில் இருந்தவர் என் காதில், "இன்னா சார், கல்யாணம் முடிஞ்சிடுச்சா, நின்னுடுச்சா?" என்று கேட்டார்.

சிரியுங்கள், சிரியுங்கள். நான் சொல்ல வந்தது அந்தக் கூத்தை இல்லை. மங்களம் கடைசியில் வரவேண்டும் என்பது யாருக்கும் தெரியும். மற்ற பாட்டுகளை எப்படிக் கலைத்துப் போட்டால் என்ன என்று நினைக்கிறீர்கள் பாருங்கள், அதைப் பற்றித்தான் பேச்சு.

ஒரு கேசட்டைத் தயாரித்தவர், எதை முதலில் வைப்பது, எது முடிந்தால் எது தொடங்குவது, நடுவில் எவ்வளவு நேரம் மூச்சு விடுவது என்று உட்கார்ந்து யோசித்துத்தான் போட்டிருப்பார். நாம் அதைப் பென்டிரைவில் ஏற்றுகிறோம். ஏற்றும்போது நடுவிலுள்ள அமைதியை வெட்டி எறிகிறோம். நம் தொழிலில் அமைதி என்றால் பயம். பந்தலில் கொஞ்ச நேரம் சத்தம் வராவிட்டால் போதும், "செட்டு அவுட்டா?" என்று வீட்டுக்காரர் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு வந்துவிடுவார். அதனால் ஒன்றின் வாலில் இன்னொன்றை ஒட்டி ஓடவிடுவது நமக்கெல்லாம் பழக்கம். காஞ்சிபுரத்தில் எல்லா சவுண்ட் சர்வீஸும் அப்படித்தான். ஒரு கல்யாணத்தில் நான் பார்த்ததை நீங்களும் பார்த்திருந்தால் வெட்டக் கை வராது.

கடையை மகளிடம் கொடுப்பதற்கு முந்தைய தை மாதம். மணப்பெண் பெயர் தேன்மொழி. அவள் அப்பா முருகேசன் கம்பெனி பஸ் ஓட்டியவர். விடியற்காலையில் காஞ்சிபுரத்தில் ஆட்களை ஏற்றிக்கொண்டு ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துத் தொழிற்சாலைகளில் இறக்கிவிடுவார். மாலையில் திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பார். வருஷக்கணக்காக அதே வேலை. கல்யாணத்துக்கு முந்தைய வருஷம் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை, வலது கால் இரண்டும் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது. சோறு ஊட்டினால் சாப்பிடுவார், தூக்கி உட்கார வைத்தால் உட்காருவார். நாம் பேசுவது உள்ளே போகிறதா இல்லையா என்று வீட்டில் யாருக்கும் புரியவில்லை.

முன்தினம் மாலை நான் ஸ்பீக்கர் கட்டிக்கொண்டிருந்தபோது மேடையோரத்தில் வாக்குவாதம். தாரை வார்ப்பது யார் என்று. அப்பா மணையில் உட்கார்ந்து, மகள் கையை மாப்பிள்ளை கையில் வைத்து நீர் விட்டுக் கொடுக்க வேண்டும். முருகேசனுக்குப் பதில் அவர் அண்ணனும் அண்ணியும் உட்காரட்டும் என்று உறவுக்காரர்கள் முடிவு செய்துவிட்டார்கள்.

"அப்பா உயிரோட இருக்கும்போது இன்னொருத்தர் என்னைத் தாரவாக்கணுமா பெரியப்பா?" என்று தேன்மொழி கேட்டாள்.

அந்தப் பெரியப்பாவைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். தம்பியைக் குளிப்பாட்டித் துணி மாற்றிவிடுவதே அவர்தான். "இன்னாமா நீ, சொன்னா புரிஞ்சிக்க மாட்ற. புரோகிதர் சொல்றத அவன் திருப்பிச் சொல்லணும். சபை பூரா பாத்துக்கினு இருக்கும். அவன் பேந்தப் பேந்த முழிச்சி, நாலு பேர் அவனப் பாத்து உச்சு கொட்டினா என்னால தாங்க முடியாதுமா."

"அப்பாவுக்குப் புரியுது பெரியப்பா. எனக்குத் தெரியும்."

"புரிஞ்சிதுன்னா ஒரே ஒரு வார்த்தை சொல்லட்டும். வாயத் தொறந்து ஒரு வார்த்தை. நானே தூக்கிட்டுப் போய் மணைல உக்கார வைக்கிறேன்."

அவ்வளவுதான் பேச்சு. தேன்மொழி கண்ணைத் துடைத்துக்கொண்டு நேராக என்னிடம் வந்தாள். "அண்ணே, டாக்டர் பாட்டு போட்டுக் காட்டச் சொன்னாரு. போன்ல அவருக்குப் புடிச்சது ஒண்ணொண்ணா தேடித் தேடிப் போட்டுட்டேன். கண்ணு கூட அசைக்கல. நாளைக்குக் காலைல பெரிய ஸ்பீக்கர்ல போட்டுப் பாக்கலாமா?" என்றாள். பஸ்ஸில் அவர் எப்போதும் ஒரு கிளாரினெட் கேசட்தான் போடுவாராம். நம் ஜில்லா வித்வான் ஒருவர் வாசித்தது. அது இல்லாத சவுண்ட் சர்வீஸ் அந்தக் காலத்தில் இந்த ஊரில் கிடையாது. பாட்டு எல்லாம் என் பென்டிரைவிலேயே இருந்தது. இது ஒரு வேலையா, போட்டுவிடுகிறேன் என்றேன்.

காலையில் முருகேசனைப் பட்டு வேட்டி கட்டி, மேடைமேல் ஓரமாக ஒரு நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். பக்கத்தில் அவர் மனைவி சாந்தி. முகூர்த்தத்துக்கு இன்னும் நேரம் இருந்தது. நான் கிளாரினெட்டைப் போட்டேன். இருப்பதிலேயே கூட்டம் கேட்டுத் தலையாட்டுகிற பாட்டு எதுவோ அதிலிருந்து ஆரம்பித்தேன். அது முடிந்ததும் இன்னொன்று. மணமகள் அறைக் கதவைத் திறந்து தேன்மொழி எட்டிப் பார்த்தாள். முருகேசன் எதிரிலிருந்த வாழைமரத்தைப் பார்த்தபடி இருந்தார். மூன்றாவது பாட்டும் போயிற்று. அவள் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அப்போதுதான் கம்பெனி ஆட்கள் கும்பலாக உள்ளே வந்தார்கள். முருகேசன் பஸ்ஸில் போய் வந்தவர்கள். ஆணும் பெண்ணுமாக இரண்டு வரிசை நாற்காலி நிறைந்துவிட்டது. அதில் ரெஜினா என்றொரு பெண் என் மேஜைக்கு வந்து, பிளாஸ்டிக் கவரில் சுற்றிய ஒரு கேசட்டை நீட்டினாள்.

"இது டிரைவர் அண்ணனோடதுண்ணே. புது டிரைவர் பஸ்ஸுல இருந்த டேப் டெக்கக் கழட்டிக் கடாசிட்டாரு. நாங்க கேசட்ட மட்டும் எடுத்து வச்சிக்கினோம். இதப் போடுங்க."

"இதே பாட்டத்தாம்மா இவ்ளோ நேரமா போட்டுக்கினு இருக்கேன். அவர் அசையலையே" என்றேன், கொஞ்சம் சிடுசிடுப்பாகத்தான்.

"உள்ள வரும்போதே கேட்டேன். நாலாவது பாட்டப் போட்டுட்டு ரெண்டாவது பாட்டப் போடுறீங்க. சந்தவேலூர் போன பஸ்ஸு ராஜகுளத்துக்குத் திரும்பி வருமாண்ணே?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவளே சொன்னாள். "காலைல நாங்க எல்லாம் தூங்கிக்கினேதான் போவோம். கண்ணத் தொறக்காமலே ஊரு தெரியும். மொதப் பாட்டு முடிஞ்சா பொன்னேரிக்கரை. அடுத்தது முடிஞ்சா ராஜகுளம். நாலாவது முடிஞ்சா சந்தவேலூர். கேசட்டுல ஏ பக்கம் பூரா முடிஞ்சா சுங்குவார்சத்திரம். அண்ணன் பாட்டுக்குத் தக்கன வண்டிய ஓட்டுவாரு. வண்டி மாறிச்சின்னா கூட அந்த டெக்கக் கழட்டி அடுத்த வண்டில மாட்டிக்குவாரு."

பாருங்கள், நான் எத்தனை கல்யாணத்தில் அந்தக் கேசட்டைப் போட்டிருப்பேன்! அதற்குள் ஒரு ரோடு இருக்கும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

வேனில் பழைய டெக் ஒன்று கிடந்தது. பழைய இரும்புக்குப் போடச் சொல்லி என் மகள் நச்சரித்துக்கொண்டிருந்த டெக் அது. ஓடிப்போய் எடுத்துவந்து மாட்டினேன். ஒரு பக்கம் முதலிலிருந்து கடைசி வரை ஓட அரை மணி நேரம் பிடிக்கும். மாப்பிள்ளையின் தம்பி வந்து, "இன்னாண்ணே, ஒரே பீப்பீன்னு இருக்குது, டான்ஸ் பாட்டு போடுங்க" என்றான். வீடியோக்காரர் வந்து, பெண் வரும்போது தான் கொடுத்த பாட்டுதான் ஓட வேண்டும் என்றார். இரண்டு பேரிடமும் தலையை ஆட்டிவிட்டு ஏ பக்கத்தைத் தட்டிவிட்டேன். முன்னால் வெட்டவில்லை, பின்னால் ஒட்டவில்லை.

முதல் பாட்டு பூராவும் ஒன்றுமில்லை. அது முடிந்தது. நாடா வெறுமனே ஓடுகிற அந்தச் சின்ன இரைச்சல் மட்டும் ஸ்பீக்கரில் கேட்டது. என் கை பழக்கத்தில் வால்யூமுக்குப் போனது. அப்போது பார்த்தேன். முருகேசனின் இடது கை, நாற்காலிக் கையிலிருந்து எழுந்து, கீழே இறங்கி, ஒரு இழுப்பு இழுத்துப் பின்னால் போனது.

"கியர் மாத்துறாரு" என்றாள் ரெஜினா. அவள் என் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "பொன்னேரிக்கரை திருப்பம்ணே."

அடுத்த பாட்டு வந்ததும் கை ஓய்ந்துவிட்டது. அது முடிந்து மறுபடி அமைதி வந்ததும் மறுபடி எழுந்தது. கவனியுங்கள், பாட்டு ஓடும்போது இல்லை. பாட்டு நின்று, அடுத்தது வருவதற்கு முன்னால். அந்த வெற்றிடத்தில்தான் அவர் இருந்தார். நாம் வெட்டித் தூக்கி எறிகிற இடத்தில்! தேன்மொழிக்குச் சொல்லி அனுப்பினேன். அவள் ஒரு காதில் ஜிமிக்கியும் மறு காது மொட்டையுமாக ஓடிவந்து மேடைக்குக் கீழே நின்றாள்.

ஏ பக்கத்தின் கடைசிப் பாட்டு ஓடும்போது புரோகிதர் பெரியப்பாவைக் கூப்பிட்டுவிட்டார். பெரியப்பா அங்கவஸ்திரத்தைத் தோளில் சரிசெய்துகொண்டு மணைக்கு வந்தார். புரோகிதர் தன் மைக்கை முருகேசனின் நாற்காலியோரம் வைத்துவிட்டுத் தேங்காயை எடுக்கத் திரும்பினார். மைக் திறந்தே இருந்தது. பாட்டு முடிந்தது. நாடாவும் ஓடித் தீர்ந்து டெக் 'டக்'கென்று நின்றது.

மண்டபத்தில் ஒரு சத்தமும் இல்லை. இந்தத் தொழிலில் நான் கற்ற இரண்டு பாடம் உண்டு: பந்தலை அமைதியாக விடாதே, ஆளில்லாத மைக்கைத் திறந்து வைக்காதே. இரண்டுமே அப்போது நடந்துகொண்டிருந்தன. "அண்ணே, செட்டு நின்னுபோச்சு!" என்று மாப்பிள்ளையின் தம்பி கத்தினான். பெரியப்பா என்னைப் பார்த்து, அடுத்ததைப் போடு என்று கையைக் காட்டினார். பென்டிரைவில் விரலைத் தட்டினால் போதும். நான் இரண்டு கையையும் மேஜைக்குக் கீழே தொங்கவிட்டேன். பிடிவாதம் என்று சொல்லுங்கள், பைத்தியம் என்று சொல்லுங்கள். எவ்வளவு நேரம் ஆனாலும் தொடுவதில்லை என்று நின்றேன்.

ஸ்பீக்கரில் முதலில் ஒரு மூச்சுச் சத்தம் வந்தது. பிறகு தொண்டையைச் செருமுகிற சத்தம்.

"சுங்... சுங்குவாசத்திரம்."

முருகேசன்தான். குழறல் இருந்தது, ஆனால் ஊருக்கே கேட்டது. அடுத்தது தெளிவாகவே வந்தது. "ஏந்திரிங்கபா. பாத்து எறங்குங்க."

அப்புறம் நடந்ததை நான் எத்தனை தடவை சொன்னாலும் எனக்கே நம்பிக்கை வருவதில்லை. கம்பெனி ஆட்கள் இரண்டு வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள் அல்லவா? அதில் பாதிப் பேர் சடாரென்று எழுந்து நின்றார்கள். சுங்குவார்சத்திரத்தில் இறங்குகிறவர்கள்! ஒரு பெண் கைப்பையைக்கூடத் தோளில் மாட்டிவிட்டாள். எழுந்த பிறகுதான் தாங்கள் மண்டபத்தில் இருப்பதே அவர்களுக்குத் தெரிந்தது. ஒருவரையொருவர் பார்த்தார்கள். சிரிக்க ஆரம்பித்தார்கள், சிரித்த வாயோடு அழுதார்கள். ஒருவரும் உட்காரவில்லை.

தேன்மொழி மேடைமேல் ஏறி அப்பாவின் முழங்காலைக் கட்டிக்கொண்டாள். "அப்பா, அப்பா" என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். முருகேசனின் இடது கை அவள் தலைமேல் வந்து உட்கார்ந்தது.

பெரியப்பா தம்பியின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். "டேய், இன்னாடா சொன்ன? இன்னொரு தபா சொல்றா" என்றார். முருகேசன் அண்ணன் முகத்தையே பார்த்தார். அந்தப் பார்வை வாழைமரத்தைப் பார்த்த பார்வை இல்லை, அது மட்டும் உறுதி. பெரியப்பா தன் தோளில் இருந்த அங்கவஸ்திரத்தை எடுத்தார். தம்பியின் தோளில் போட்டு, நுனியைச் சரிசெய்தார். அப்புறம் அவரைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி அள்ளிக்கொண்டு போய் மணையில் உட்கார வைத்து, சாயாமல் இருக்க முதுகுக்குப் பின்னால் தானே முட்டுக்கொடுத்து உட்கார்ந்துவிட்டார். "ஐயரே, நீங்க சொல்லுங்க. அவன் திருப்பிச் சொல்லாட்டி நான் சொல்றேன். ஆனா கை அவன் கைதான்" என்றார்.

வலது கையால்தானே கொடுக்க வேண்டும். சாந்தி அவருடைய விழுந்த வலது கையை எடுத்து மகள் கையின் கீழே வைத்தார். முருகேசன் தன் இடது கையை அதற்கு அடியில் கொடுத்துத் தாங்கி, மகள் கையை மாப்பிள்ளை கையில் வைத்தார். சாந்தி நீர் விட்டார். மேளக்காரர்கள் வாசிக்க ஆரம்பித்தார்கள். மேடையில் அழாதவர் என்று பார்த்தால் வீடியோக்காரர் ஒருவர்தான். அவரும் கேமராவுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டிருந்தார்.

அதிசயம் நடந்தது, மறுநாளே அவர் எழுந்து மேடைப்பேச்சு பேசினார் என்றெல்லாம் கதை விட மாட்டேன். அதற்குப் பிறகும் அவருக்கு வார்த்தை அபூர்வம்தான். மருத்துவக் காரணம் எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி பேசவும் மாட்டேன். நான் பார்த்தது இதுதான். தனித்தனியாகப் போட்டபோது அந்தப் பாட்டுகள் அவருக்கு ஒன்றுமே செய்யவில்லை. அவருக்குப் பிடித்த பாட்டு எது, எது என்று மகள் மாசக்கணக்கில் தேடினாள். பிடித்த பாட்டு என்று ஒன்று இல்லை ஐயா. இதற்கு அப்புறம் இது என்று ஒன்று இருந்தது. ஒரு மனிதர் தன் விடியற்காலைகளையெல்லாம் அந்த வரிசையில் கொட்டி வைத்திருக்கிறார். அந்தக் கிளாரினெட் வித்வான் இன்று இருந்தால், தான் விட்ட இடைவெளியில் ஒரு பஸ் முழுக்க ஆட்கள் கண்ணை மூடிக்கொண்டு போய் வந்தார்கள் என்று அவரிடம் சொல்லி, காலில் விழுந்திருப்பேன்.

ஆகவே உங்களுக்கு நான் சொல்வது இவ்வளவே. யாராவது ஒரு ஆல்பத்தைக் கையில் கொடுத்தால், ஒரு தடவையாவது முதலிலிருந்து கடைசி வரை உட்கார்ந்து கேளுங்கள். பாட்டு நின்றதும் விரலைக் கட்டுப்படுத்துங்கள். அங்கே யார் என்ன வைத்திருக்கிறார் என்று நமக்குத் தெரியாது.

அன்றைக்கு நடந்ததில் இன்னும் ஒன்று பாக்கி.

தாலி கட்டியாயிற்று. கூட்டம் பந்திக்குப் போய்விட்டது. நான் ஒயரைச் சுருட்டலாமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். சாந்தி என் மேஜைக்கு வந்து நின்றார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"செட்டுக்காரரே, அந்தக் கேசட்டுல இன்னொரு பக்கம் இருக்குதில்ல?"

"இருக்குதும்மா."

"இத்தினி வருசமா விடிகாலைல எழுந்து அவருக்கு டீ போட்டுக் குடுத்து அனுப்பியிருக்கேன். அந்த பஸ்ஸுல ஒரு நாள் கூட நான் ஏறினதில்லபா" என்றார். "போடுறீங்களா?"

நான் கேசட்டைத் திருப்பிப் போட்டேன். சாந்தி போய், மறுபடி நாற்காலிக்கு வந்திருந்த கணவரின் பக்கத்தில் இன்னொரு நாற்காலியை இழுத்து, அவர் பார்க்கிற திசையிலேயே திரும்பி உட்கார்ந்தார். காலி மண்டபத்தில் கிளாரினெட் ஓடியது. முதல் பாட்டு முடிந்து அமைதி வந்தது. சாந்தி குனிந்து, மெதுவாகக் கேட்டார்.

"ஏங்க, இப்ப எங்க வந்திருக்கோம்?"

முருகேசன் நேரே பார்த்தபடியே இருந்தார். அடுத்த பாட்டு இன்னும் தொடங்கவில்லை.

"பெரும்புதூரு" என்றார்.

சாந்தி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, சன்னலோரம் உட்கார்ந்தவரைப் போல வெளியே பார்த்தார்.